நடைபாதைப் பக்கத்துக் கதவு

எங்கள் போலீஸ் ஸ்டேஷன் வண்டிக்கு மாமியார் என்று பெயர். எதைத் தொட்டாலும் முனகும், என்ன செய்தாலும் திருப்திப்படாது, ஆனால் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. பெயர் வைத்தது நான்தான். ஓட்டுகிறவளும் நான்தான். எங்கள் ஸ்டேஷனில் வண்டி ஓட்டும் பெண் நான் ஒருத்தி என்பதால் எல்லோருக்கும் நான் டிரைவரம்மா. கொஞ்சம் வாயாடி என்றும் சொல்வார்கள். அதை என் முகத்துக்கு நேராகச் சொல்ல இன்னும் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாமியாரின் பின்பக்கத்தில், நடைபாதை ஓரமாக வரும் கதவின் பூட்டு எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரு நாள் வளைவில் திரும்பும்போது கதவு தானாகத் திறந்துகொண்டு, பின்சீட்டில் இருந்த கான்ஸ்டபிள் பாதி உடம்பு வெளியே தொங்க, நடு ரோட்டில் மானம் போனது. அன்றைக்கே ஒரு கயிறு வாங்கி, கதவின் கைப்பிடியை சீட்டுக் கம்பியோடு இழுத்துக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு பின்னால் ஏறுகிறவர்கள் சாலைப் பக்கக் கதவில் ஏறி, உட்கார்ந்தபடியே இடுப்பை நகர்த்தி நகர்த்தி உள்ளே போக வேண்டும். இறங்குவதும் அதே வழிதான். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது. பேசிக்கொண்டே ஏறுவார்கள், பேசிக்கொண்டே நகர்வார்கள்.

பூட்டை மாற்றித் தரச் சொல்லி இன்ஸ்பெக்டரிடம் மாதக்கணக்கில் கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்பார். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு கருணை வரும், பாருங்கள், நமக்கே கூச்சமாக இருக்கும். இதற்கிடையில் மேலிடத்திலிருந்து மக்கள் நம்பிக்கை மாதம் கொண்டாடச் சொல்லி உத்தரவு வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். வாசலில் ஆலோசனைப் பெட்டி வைத்தார்கள், அதன் சாவி இன்ஸ்பெக்டரிடம். மாமியாரின் உடம்பிலும் ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். "தயங்காமல் வாருங்கள்." ஒட்டிய இடம், கயிறு கட்டிய அந்தக் கதவு. ஸ்டிக்கருக்கு வழி இருந்தது, பூட்டுக்கு இல்லை.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனும் அதே ஸ்டேஷன்தான். எழுத்து வேலை. ஸ்டேஷனில் அவன் பெயர் புலவர். எந்தச் சம்பவத்தையும் படிக்கிறவன் கண் முன்னால் நடப்பது மாதிரி எழுதிவிடுவான். அவன் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சம்பவத்துக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம். மழையில் நனைந்தால் தும்மல், வெயிலில் நின்றால் தலைவலி. போலீஸ் வண்டியில் உட்கார்ந்து பார்க்காத போலீஸ்காரன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான் என்று அண்ணியே கேலி செய்வாள். நானும் என் கணவரும் மாடியில், அண்ணனும் அண்ணியும் கீழே. ஒரே வாசல். எனக்கு இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டதும் அண்ணன்தான்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் டீ போடுகிற ஒரு சின்ன அறை உண்டு. ஏதாவது தகராறு நடந்து, அதில் எங்கள் ஆட்கள் மாட்டுவார்கள் போல இருந்தால், சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே கூடுவார்கள். அண்ணன் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். ஆளாளுக்கு நினைவில் இருப்பதைச் சொல்வார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டாது. ஒட்டாததை எல்லாம் தட்டி, இழைத்து, அண்ணன் ஒரே கதையாக்கித் தருவான். எல்லோரும் அதன் கீழே கையெழுத்துப் போடுவார்கள். இதற்கு எங்கள் ஸ்டேஷன் பாஷையில் சுருதி சேர்ப்பது என்று பெயர். "சுருதி சேத்தாச்சா?" என்று இன்ஸ்பெக்டரே கேட்பார், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற தொனியில்.

இது கெட்ட எண்ணத்தில் ஆரம்பித்ததில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருவருக்கு எழுத வராது, இன்னொருவர் எழுதினால் பிழை மலியும், புலவர் எழுதிக் கொடுத்தால் மேலிடம் திருப்பி அனுப்பாது. உதவியாகத்தான் தொடங்கியது. பிறகு ஒரு நாள் யாரோ ஒருவருக்காக ஒரு வரியைக் கொஞ்சம் வளைத்தார்கள். வளைத்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வளைக்காமல் எழுதுவதே அவமரியாதை என்றாகிவிட்டது. கொடுத்ததைப் படித்துப் பார்ப்பது அதைவிட அவமரியாதை.

அன்று மத்தியானம் கடைவீதியில் ரோந்து. முன்சீட்டில் என் பக்கத்தில் தலைக்கவசங்களும் தடுப்புப் பலகைகளும் குவிந்து கிடந்தன. பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். ஒருவர் எக்ஸ்பிரஸ். வாயில் வார்த்தை வருவதற்குள் கை போய்விடும், அதனால் அந்தப் பெயர். இன்னொருவர் தூங்குமூஞ்சி. பெயருக்கு விளக்கம் வேண்டாம். சாப்பாட்டு நேரம், கடைகள் பாதி மூடிக் கிடந்தன, தெருவில் ஈ காக்கை இல்லை. இரும்புக் கடை எதிரில் ஒரு பிளம்பரின் இரு சக்கர வண்டி நடைபாதையை ஒட்டிக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அவருடைய பை கிழிந்து, குழாய் மூட்டுகளும் ஒரு ஸ்பானரும் நடைபாதை முழுக்கச் சிதறியிருந்தன. அவர் குத்துக்காலிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தினேன்.

"டேய், வண்டிய எடுடா" என்றார் எக்ஸ்பிரஸ், உள்ளிருந்தபடி.

"ஒரு நிமிஷம் சார், இத மட்டும் பொறுக்கிக்கறேன்" என்றார் பிளம்பர், தலையை நிமிர்த்தாமல்.

தலையை நிமிர்த்தாததுதான் குற்றம். எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் நகர்ந்து இறங்கி, வண்டியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார். அந்த நேரத்துக்குள் கோபம் ஆறியிருக்கலாம். ஆறவில்லை. ஸ்பானரை எடுக்க நீட்டிய கையின் மணிக்கட்டில் லத்தியை இறக்கினார். சத்தம் என் காதுக்கு வந்தது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினேன், பிறகு இறங்கி ஓடினேன். பிளம்பர் கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, "எதுக்கு சார் அடிச்சீங்க?" என்று கேட்டார். நிஜமாகவே காரணம் தெரிந்துகொள்ள விரும்பிய மாதிரி கேட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். உடைந்த கையோடு அந்த மனிதர் சாலைப் பக்கமாக ஏறி, ஒவ்வொரு நகர்தலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, சீட்டில் நகர்ந்து போனதைக் கண்ணாடியில் பார்த்தேன். வலது கை. அவர் தொழிலுக்கு அந்தக் கைதான் எல்லாம். மணிக்கட்டில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாக டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று பதிவாகிவிட்டதால், முறிந்ததற்கு ஒரு காரணம் வேண்டியதாயிற்று. சாயங்காலம் டீ அறையில் கூட்டம். நான் போகும்போது அண்ணன் முடித்தே விட்டிருந்தான். எக்ஸ்பிரஸும் தூங்குமூஞ்சியும் கையெழுத்துப் போட்டு, டீயும் குடித்தாகிவிட்டது. அந்தக் காகிதத்தை அண்ணன் என்னிடம் நீட்டினான், பேனாவையும் மூடி திறந்து நீட்டினான்.

"படிச்சுட்டுப் போடறேன்" என்றேன்.

எக்ஸ்பிரஸ் சிரித்தார். "புலவர் எழுதினத படிக்கணுமா டிரைவரம்மா? கண்ண மூடிட்டுப் போடலாமே."

"தூங்குமூஞ்சி அண்ணன் அப்படித்தான் போட்டிருப்பார்" என்றேன். "எனக்குக் கண்ணு தொறந்துதான் இருக்கு."

படித்தேன். அழகாகத்தான் எழுதியிருந்தான் பாவி. கான்ஸ்டபிள் விசாரிப்பதற்காக நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கியதாகவும், ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருந்தபோது, காத்திருந்த பிளம்பர் ஸ்பானரை ஓங்கித் தாக்க வந்ததாகவும், நிலை தடுமாறிய கான்ஸ்டபிள் தற்காப்புக்காக லத்தியைக் குறுக்கே பிடித்ததாகவும் இருந்தது. படித்தபோது ஒரு கணம் எக்ஸ்பிரஸ் மேல் எனக்கே பரிதாபம் வந்தது.

பிறகுதான் கதவு உறைத்தது. அண்ணனுக்குக் கயிறு தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்த இரண்டு பேரும் படிக்கவில்லை.

"இது நடக்கல" என்றேன். "நான் கையெழுத்துப் போட மாட்டேன். பாத்தத என் கையால எழுதித் தரேன்."

அண்ணன் பேனாவை மூடினான். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கீழ் வீட்டுக்குப் போனேன். அண்ணி தட்டு வைத்தாள். சாப்பாட்டில் கை வைக்காமல் அண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணா, காகிதம் இன்னும் மேல போகலயே?"

"இன்ஸ்பெக்டர் மேஜையில இருக்கு. காலையில போகும்."

"அப்ப கிழிச்சுப் போடு. அந்தப் பக்கத்துக் கதவு தொறக்கவே தொறக்காது. நான் கயிறு போட்டுக் கட்டி வச்சிருக்கேன். மாசக்கணக்கா. ஸ்டேஷன்ல உனக்கு மட்டும்தான் தெரியாது."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பொய் சொன்னதற்காக அவன் முகம் அப்படிப் போகவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமே என்றுதான் போனது. எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை.

"வேற யாருக்கிட்டயாவது சொன்னியா?"

"உங்கிட்டதான் சொல்றேன். நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன். நடந்தத எழுது. எக்ஸ்பிரஸ் பாடு எக்ஸ்பிரஸ் பாத்துக்கட்டும்."

"அவனுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

"பிளம்பருக்கு ரெண்டு கை இருந்துச்சு அண்ணா. இப்ப ஒண்ணுதான்."

அண்ணி குறுக்கே வந்தாள். "ஏங்க, அவதான் வழி சொல்றாளே. மாத்தி எழுதறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

"சரி, பாக்கறேன்" என்றான் அண்ணன். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மாடிக்குப் போய் என் கணவரிடம், அண்ணன் என்ன இருந்தாலும் அண்ணன்தான் என்று பெருமையாகக் கூடச் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனால், மாமியார் பக்கத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருக்கிறான். என் கயிறு தரையில் சுருண்டு கிடந்தது. கதவில் புதுப் பூட்டு. கீலுக்கு எண்ணெய். மெக்கானிக் ஒரு விரலால் தள்ளினான், கதவு வெண்ணெய் மாதிரி திறந்தது, மூடியது. "காலங்காத்தால போன் பண்ணி வரச் சொல்லிட்டாங்க. என்ன அவசரமோ" என்றான்.

பொய்யைத் திருத்தச் சொன்னேன். கதவைத் திருத்திவிட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. நான் மாதக்கணக்கில் கேட்டுக் கிடைக்காத பூட்டு, ஓடும் வண்டியில் இருந்து ஒரு ஆள் விழப் பார்த்தபோதும் கிடைக்காத பூட்டு, ஒரு பொய்க்குத் தேவை என்றதும் விடிவதற்குள் வந்துவிட்டது. எங்கள் ஸ்டேஷனில் எதுவும் நடக்காது என்று யார் சொன்னது? எல்லாம் நடக்கும். எதற்காக நடக்கும் என்பதுதான் கேள்வி.

எழுத்து மேஜைக்குப் போய் நின்றேன். அண்ணன் நிமிரவில்லை.

"நான் உன்கிட்ட சொன்னது ஒரு மனுஷனக் காப்பாத்த" என்றேன். "நீ ஒரு வாக்கியத்தக் காப்பாத்தியிருக்க."

"மெதுவா பேசு."

"மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எனக்கு டீ சொன்னார். எனக்கு ஐஸ் வைத்தால் ஜலதோஷம் பிடிக்கும், நான் அதைத் தொடவில்லை.

"கதவு சரி பண்ணியாச்சும்மா. நீதான கேட்டுக்கிட்டே இருந்த?"

"ஆமா சார். ரொம்ப நன்றி. எப்ப சரி பண்ணீங்கன்னு யாராவது கேட்டா, இன்னைக்குக் காலையிலன்னு சொல்லிடறேன்."

அவர் கருணை கொஞ்சம் வடிந்தது. "நாம எல்லாம் ஒரு குடும்பம். வெளியில ஜனங்க நம்ம மேல நம்பிக்கை வைக்கணும்னா, உள்ள நாம ஒருத்தர ஒருத்தர் விட்டுக் கொடுக்காம இருக்கணும். புரியுதா?"

"புரியல சார். ஜனங்க நம்ம நம்பணும்னா நாம நம்பற மாதிரி நடக்கணும். இதுல குடும்பம் எங்க வந்துச்சு?"

"எழுதினது உன் அண்ணன். அத மறந்துடாத. இதக் கிளறினா முதல்ல போறது அவன் வேலை."

இதை அவர் சொல்வார் என்று தெரியும். அண்ணனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. வீட்டுக் கடன் பாதி அவன் சம்பளத்தில் போகிறது. அண்ணி முகம் வந்து நின்றது. அதே நேரம் சீட்டில் நகர்ந்து போன அந்த மனிதரின் முகமும் வந்தது. அண்ணன் எழுதியதை வைத்துப் போடும் வழக்கு நின்றால் அவர் உள்ளே போவார். கையும் போய், பெயரும் போய், போலீஸை அடித்தவன் என்ற பட்டத்தோடு யார் வீட்டுக் குழாயைத் தொடுவார்?

"எங்க அண்ணன் வேலை போனா நான் சோறு போடறேன் சார்" என்றேன். "அதுக்காக இன்னொருத்தர் சோத்துல நான் மண்ணள்ளிப் போட மாட்டேன்."

என் கையால் எழுதிய காகிதத்தை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். அது எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணனுடைய அழகான அறிக்கை மட்டும் மேலே போனது. பிளம்பர் மேல் வழக்கும் பதிவானது.

அதற்குப் பிறகு ஸ்டேஷனில் நான் காற்றாகிவிட்டேன். நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். என் டம்ளரில் யாரும் டீ ஊற்றுவதில்லை. வீட்டிலும் அண்ணன் மாடிப்படிப் பக்கம் பார்க்காமலே போவான். அண்ணி மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் மேலே வந்து, "நீ சொல்றதுதான் சரி. ஆனா என்னச் சொல்லச் சொல்லாத" என்றாள். நான் யாரையும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. என் டீயை வீட்டிலிருந்தே கொண்டுபோனேன்.

பிளம்பர் லேசுப்பட்டவர் இல்லை. கட்டுப் போட்ட கையோடு நகரத்துக்குப் போய், போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். நரைத்த முடி, சாதாரணப் பருத்திப் புடவை, கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விட வந்தவர் மாதிரி இருந்தார். ஆனால் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டரே நின்றுகொண்டுதான் பேசினார்.

ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எக்ஸ்பிரஸ் போய் வந்தார். தூங்குமூஞ்சி போய் வந்தார். இரண்டு பேரும் அண்ணனின் வரிகளை மனப்பாடமாக ஒப்பித்திருப்பார்கள், வெளியே வரும்போது பரீட்சை முடிந்த முகம். கடைசியில் நான்.

நடந்ததைச் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், புதுப் பூட்டைச் சொன்னேன், மெக்கானிக்கைச் சொன்னேன்.

"மெக்கானிக்க விசாரிச்சாச்சு" என்றார் அதிகாரி. "எண்ணெய் மட்டும்தான் போட்டேன்னு சொல்றார்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஸ்டேஷன் எதிரில்தான் அவன் கடை.

"உங்க எழுத்து மூலமான அறிக்கை எங்க?"

"குடுத்தேன் மேடம். இங்க குடுத்தா கிடைக்காது."

"இரும்புக் கடைக்காரர் எதுவும் பாக்கலன்னு சொல்றார். ரெண்டு பேர் ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒருத்தர் ஒண்ணு சொல்றீங்க. உங்களுக்கும் எழுத்தருக்கும் வீட்டுல ஏதோ மனஸ்தாபம்னு வேற இன்ஸ்பெக்டர் சொல்றார். நான் எத எடுத்துக்கறது?"

வெளியே ஜன்னல் வழியாகப் பிளம்பர் தெரிந்தார். வராந்தாவில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். இன்றைக்கு இந்த அம்மா அறிக்கையை ஏற்றுக்கொண்டு போய்விட்டால் அவர் கதை முடிந்தது. எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். சாட்சி எல்லாம் அவர்கள் பக்கம், பூட்டு அவர்கள் பக்கம், என் அண்ணனே அவர்கள் பக்கம். சரி, அவர்கள் உடம்பு யார் பக்கம் என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"என் பேச்ச எடுத்துக்க வேண்டாம் மேடம்" என்றேன். "கதவப் பத்தி யார்கிட்டயும் எதுவும் கேக்கவும் வேண்டாம். எல்லாரையும் வண்டியில ஏறச் சொல்லுங்க. சம்பவம் நடந்த இடத்தப் பாக்கணும்னு சொல்லுங்க. நீங்க முன்னாடி உக்காருங்க. நான் ஓட்டறேன். இடம் வந்ததும் நீங்க எதுவும் சொல்லாம சட்டுனு இறங்கிடுங்க. அது போதும்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு பாட்டிலை மூடிக்கொண்டு எழுந்தார்.

இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் எழுந்தார்கள். பிளம்பர் பக்கத்துத் தெருதானே என்று முன்னாலேயே நடந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தன் காரில் பின்னால் வருவதாகச் சொன்னார். குறிப்பெடுக்க எழுத்தரும் வரட்டும் என்றார் அதிகாரி. அண்ணனுக்கு வேறு வழியில்லை.

நான் எஞ்சினை முடுக்கிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். எக்ஸ்பிரஸும் தூங்குமூஞ்சியும் அண்ணனும் ஸ்டேஷன் படியிறங்கி வந்தார்கள். மாமியாரின் ஸ்டிக்கர் கதவுதான் படிக்கு அருகில் இருந்தது. எக்ஸ்பிரஸ் அதைத் தாண்டி, வண்டியைச் சுற்றிக்கொண்டு சாலைப் பக்கம் போனார். தூங்குமூஞ்சி அவர் பின்னாலேயே போனார். பேசிக்கொண்டே ஏறினார்கள், பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். அண்ணன் மட்டும் பக்கத்தில் இருந்த கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். அதிகாரி முன்னால் பார்த்தபடியே இருந்தார். ஆனால் பாட்டிலைப் பிடித்திருந்த அவர் விரல்கள் இறுகியதைப் பார்த்தேன்.

இரும்புக் கடை எதிரில், அன்றைக்கு நிறுத்திய அதே இடத்தில், நடைபாதையை ஒட்டி நிறுத்தினேன். பிளம்பர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார். அதிகாரி ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்து சட்டென்று இறங்கினார்.

மேலதிகாரி இறங்கினால் பின்னால் இருப்பவர்கள் மறு மூச்சு விடுவதற்குள் இறங்கி நிற்க வேண்டும். பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். தூங்குமூஞ்சி கூட அதில் தூங்க மாட்டார். இரண்டு பேரும் சாலைப் பக்கம் நகர்ந்து, குதித்து இறங்கினார்கள். அந்த வழியாக வந்த வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியின் பின்புறமாகச் சுற்றி, ஒருவர் பின் ஒருவராக நடைபாதைக்கு வந்து விறைப்பாக நின்றார்கள்.

எக்ஸ்பிரஸின் முகம்தான் முதலில் மாறியது. தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். நடைபாதைப் பக்கத்துக் கதவு அகலத் திறந்திருந்தது. அதைத் திறந்து இறங்கி, அறிக்கையில் எழுதியிருந்தபடியே ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலுமாக நின்றிருந்தவன் என் அண்ணன் மட்டும்தான்.

இன்ஸ்பெக்டரின் கார் வந்து நின்றது. அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. என்ன இருந்தாலும் அவரும் போலீஸ்காரர்தான். "மேடம், இது சும்மா பழக்கத்துல..." என்று ஆரம்பித்தவர், பழக்கம் என்றால் அந்தக் கதவு திறந்ததே இல்லை என்று ஆகிவிடும் எனப் புரிந்து பாதியில் விழுங்கினார். என் பக்கம் திரும்பினார். "டிரைவரம்மா, வண்டிய எடு. ஸ்டேஷன்ல போய்ப் பேசிக்கலாம்."

நான் சாவியை உருவி, இறங்கிப் போய், அதிகாரியின் கையில் வைத்தேன்.

"வண்டிதான் சார் சாட்சி. இனி இது என் கையால நகராது. வேணும்னா என்ன நகத்திப் பாருங்க."

அதிகாரி அண்ணனிடம் போனார்.

"நீங்க மட்டும் ஏன் இந்தப் பக்கம் இறங்கினீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஆயிரம் பதில் தோன்றியிருக்கும். எந்தப் பொய்யையும் நிற்க வைத்துவிடக் கூடிய ஆள். நான் கண்ணை எடுக்கவில்லை. சொல்லு பார்க்கலாம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லு.

"எனக்கு இந்த வண்டி பழக்கமில்ல மேடம்" என்றான் கடைசியில். "இன்னைக்குத்தான் முதல் தடவையா ஏறறேன்."

"அப்ப சம்பவத்தன்னைக்கு நீங்க இங்க வரவே இல்ல?"

"இல்ல."

"இங்க நடந்தத எழுதினது?"

"நான்தான். எல்லாருக்கும் நான்தான்."

எக்ஸ்பிரஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். கடையின் பாதி ஷட்டருக்குக் கீழே கடைக்காரரின் கால்கள் தெரிந்தன. நகராமல் கேட்டுக்கொண்டிருந்தன.

பிளம்பர் கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு அண்ணன் எதிரில் வந்து நின்றார். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"நீங்கதானா சார் அது?" என்றார். "வக்கீல் எனக்குப் படிச்சுக் காட்டினார். ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு கட்டத்துல, நாமதான் அடிச்சிருப்போமோ, நமக்குத்தான் ஞாபகம் இல்லையோன்னு நினைச்சுட்டேன். எம் பொண்டாட்டிகிட்டயும் கேட்டேன், நான் அப்படிப்பட்ட ஆளான்னு."

அண்ணனின் எழுத்தை எத்தனையோ பேர் பாராட்டிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவன் அடக்கமாகச் சிரித்துக்கொள்வான். அன்றைக்கு வண்டியின் படியிலேயே உட்கார்ந்து, கையிலிருந்த பேனாவையும் குறிப்பேட்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்தான். எனக்கு அவன் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்த பார்வைக்கு, யாராவது அவன் பக்கத்தில் இருக்க வேண்டும் போலிருந்தது. போய் நின்றுகொண்டேன்.